விழுந்தது ஏன் என்று சொல்லுங்கள்

2005 ஜனவரி 4. ராஜஸ்தானில் பிகானீருக்குப் பக்கத்தில் உள்ள நால் விமானப்படைத் தளத்திலிருந்து மிக்-21 போர் விமானம் ஒன்றில் கிளம்பினார் விங் கமாண்டர் சஞ்சீத் சிங் கைலா. பறந்துகொண்டிருந்தபோதே விமானத்தின் பின்பகுதியில் தீப்பிடித்தது. கீழே ஊர் இருந்தது. விமானத்தை ஊருக்கு அப்பால் திருப்பிவிட்டுத்தான் அவர் இருக்கையோடு வெளியே பாய்ந்தார். உயிர் தப்பியது, முதுகெலும்பில் பலத்த அடி. அதன்பிறகு அவரால் போர் விமானம் ஓட்ட முடியவில்லை.

ஏன் தீப்பிடித்தது? விமானப்படை விசாரித்தது. தயாரிப்பில் நடந்த கோளாறுதான் காரணம் என்று கண்டுபிடிக்கவும் செய்தது. ஆனால் அந்த விவரம் கைலாவின் கைக்கு வந்து சேர ஆண்டுகள் பல ஆயின. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுத்தான் அதை வாங்கினார். பிறகு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2017 மே மாதம் தீர்ப்பு வந்தது: விமானத்தைத் தயாரித்த பொதுத்துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் 50 லட்சம் ரூபாயும், மத்திய அரசு 5 லட்சம் ரூபாயும் அவருக்கு இழப்பீடாகத் தர வேண்டும். படையில் சேருகிறவர் அந்தத் தொழிலுக்கே உரிய ஆபத்தை ஏற்றுக்கொண்டுதான் சேருகிறார். கோளாறான இயந்திரத்தைக் கொடுத்து அதற்கு மேலான ஆபத்தில் அவரைத் தள்ளினால், பாதுகாப்பாகவும் கண்ணியத்தோடும் வேலை செய்யும் அவருடைய உரிமை பறிபோகிறது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

தான் ஓட்டிய விமானம் ஏன் எரிந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு விங் கமாண்டரே மனுப் போட வேண்டியிருந்தது. அப்படியென்றால் அந்த விமானம் யார் வீட்டுக் கூரை மீது விழுகிறதோ, அவர்களுக்கு யார் சொல்வார்கள்? ராணுவ விமான விபத்துகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்கினாலும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

62 ஆண்டுகள்

மிக்-21 இந்திய விமானப்படைக்கு வந்தது 1963-இல். ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறந்த நம் முதல் போர் விமானம் அது. 1971 வங்கதேசப் போரில் அதன் பங்கு பெரிது. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் அதற்கு விடை கொடுத்தார்கள். 62 ஆண்டுகள் ஒரு போர் விமான ரகம் பணியில் இருந்ததைப் பெருமையாகச் சொன்னவர்கள் உண்டு. அதை ஓட்டிப் பழகிய விமானிகளுக்கு அதன்மீது உண்மையான பாசமும் உண்டு. அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தப் பெருமைக்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கையும் வைக்க வேண்டும். 2012-இல் அப்போதைய பாதுகாப்புத் துறை அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்னது இது: வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்துகளில் அழிந்துவிட்டன. இறந்த விமானிகள் 171 பேர். பொதுமக்கள் 39 பேர். பாதிக்கு மேல் போய்விட்டது என்று அவையிலேயே ஒப்புக்கொண்ட பிறகும் 13 ஆண்டுகள் மிக்-21 பறந்தது.

ஏன் இத்தனை விபத்துகள்? இயந்திரம் ஒரு காரணம். மிக்-21 எதிரியின் விமானத்தை மறிக்க விரைந்து மேலேறுவதற்காக வடிவமைக்கப்பட்டது. சிறிய முக்கோண இறக்கை, ஒரே ஒரு எஞ்சின். தரையிறங்கும்போதுகூட மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் வேகம் வைத்திருக்க வேண்டும். அந்த வேகத்தில் ஓடுபாதை கண்முன் வந்து நிற்கும்போது, யோசிக்க நேரம் இருக்காது. கை பழகியிருக்க வேண்டும்.

அந்தக் கைப்பழக்கத்தைக் கொடுப்பதில்தான் நாம் தவறினோம். மெதுவாகப் பறக்கும் பயிற்சி விமானத்திலிருந்து இறங்கிய இளைஞரை, இடையில் எந்தப் படியும் இல்லாமல் மிக்-21-இல் ஏற்றினோம். இது யாருக்கும் தெரியாமல் நடந்ததும் இல்லை. 1982-இலேயே ஏர் மார்ஷல் லா ஃபான்டேன் தலைமையிலான குழு, நவீன ஜெட் பயிற்சி விமானம் உடனடியாகத் தேவை என்று சொல்லிவிட்டது. 1997-இல் போர் விமான விபத்துகளை ஆராய இன்னொரு குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். பிரிட்டனின் ஹாக் பயிற்சி விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டது 2004-இல். பீதரில் அது பணியில் சேர்ந்தது 2008-இல். பரிந்துரைக்கும் விமானத்துக்கும் இடையே 26 ஆண்டுகள்! அந்த இடைவெளியில் இறந்த ஒவ்வொரு இளம் விமானியின் கோப்பிலும் எழுதப்பட்ட காரணம் எதுவாக இருந்தாலும், இந்தத் தாமதத்தின் பங்கையும் அதில் எழுதியிருக்க வேண்டும்.

எழுதவில்லை. 2001 செப்டம்பரில் ராஜஸ்தானின் சூரத்கரில் மிக்-21 விழுந்து அபிஜித் காட்கில் என்ற விமானி இறந்தார். தவறு அவர் மீது என்றபோது, அவருடைய தாய் கவிதா காட்கில் அதை ஏற்கவில்லை. கணவரோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் போராடினார். மகன் பெயரில் விமானப் பாதுகாப்புக்காக ஓர் அறக்கட்டளையையும் தொடங்கினார்கள். மகனை இழந்த வீட்டுக்கு, அவன் பெயரைக் காப்பாற்றும் வேலையும் சேர்ந்து வந்தது.

கூரைக்கு மேலே

2002 மே 3. பஞ்சாபின் ஜலந்தர் நகரம். மிக்-21 ஒன்று பழுதாகி, விமானி வெளியே குதித்துவிட்டார். ஆளில்லாத விமானம் ஒரு வங்கிக் கட்டடத்தின் மீது விழுந்தது. 8 பேர் இறந்தார்கள். 2023 மே 8. ராஜஸ்தானின் அனுமான்கர் மாவட்டத்தில் பஹ்லோல்நகர் கிராமம். சூரத்கரிலிருந்து கிளம்பிய மிக்-21 ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானி பாராசூட்டில் இறங்கிவிட்டார். மூன்று பெண்கள் இறந்தார்கள். அன்று காலை அவர்கள் எந்த ஆபத்தையும் தேடிப் போகவில்லை. ஆபத்து ஏற்பு என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டவர்களும் இல்லை.

இந்த வரிசையில் மிகக் கொடியது அண்டை நாட்டில் நடந்தது. 2025 ஜூலை 21 அன்று வங்கதேச விமானப்படையின் எஃப்-7 பயிற்சிக்காகக் கிளம்பி, சில நிமிடங்களில் டாக்காவின் உத்தரா பகுதியில் மைல்ஸ்டோன் பள்ளி மீது விழுந்து தீப்பிடித்தது. எஃப்-7 என்பது மிக்-21-ஐ வைத்துச் சீனா தயாரித்த விமானம். 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலானோர் குழந்தைகள். விமானி தௌகீர் இஸ்லாமும் இறந்தார். விசாரணைக் குழு, விமானம் விமானியின் கட்டுப்பாட்டை இழந்ததைச் சொன்னதோடு நிற்கவில்லை. விமானப்படையின் ஆரம்பப் பயிற்சியை டாக்காவுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்றது. பள்ளிக் கட்டடம் விதிப்படி கட்டப்படவில்லை, போதிய படிக்கட்டுகள் இல்லை என்பதையும் எடுத்துச் சொன்னது. ஒரு விபத்தில் எத்தனை பேருடைய அலட்சியம் சேர்ந்திருக்கிறது பாருங்கள். ஓடுபாதைக்கு நேரே பள்ளிக்கூடம் வர அனுமதித்தவர், படிக்கட்டு இல்லாத கட்டடத்துக்குக் கையெழுத்துப் போட்டவர், நகரத்தின் தலைக்கு மேலே பயிற்சியைத் தொடரவிட்டவர். கடைசி நொடியில் விமானத்தில் இருந்தவர் ஒருவர் மட்டுமே.

நம் ஊரிலும் தளங்களைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டன. 2019 ஜூன் மாதம் அம்பாலாவில் கிளம்பிய ஜாகுவார் விமானத்தில் பறவைகள் மோதின. எடையைக் குறைத்துப் பத்திரமாக இறங்குவதற்காக, விமானி எரிபொருள் தொட்டிகளையும் சிறு பயிற்சிக் குண்டுகளையும் கழற்றிவிட்டார். அவை குடியிருப்புப் பகுதியில் விழுந்தன. உயிர்ச்சேதம் இல்லை என்பதால் நாம் அதை மறந்துவிட்டோம். எஞ்சினுக்குள் பறவை புகுந்தால் அதன் விசிறித் தகடுகள் உடையும். ஒற்றை எஞ்சின் விமானத்தில் அது பல நேரம் முடிவுதான். பறவை ஏன் வருகிறது? குப்பைமேடும் இறைச்சிக் கழிவும் இருப்பதால் வருகிறது. விமானத்தளத்திலிருந்து 10 கி.மீ. தூரத்துக்குள் கால்நடைகளை அறுத்துக் கழிவைத் திறந்த வெளியில் போடவோ குப்பை கொட்டவோ கூடாது என்று விமான விதி பல காலமாகவே இருக்கிறது. தாம்பரம், சூலூர், அரக்கோணம், தஞ்சாவூர் பகுதிகளில் வசிப்பவர்கள் தங்கள் ஊர்க் குப்பை எங்கே போகிறது என்று ஒருமுறை பார்க்கட்டும். உள்ளாட்சி மன்றத்தில் கேட்டுச் சரிசெய்யக்கூடிய காரியம் இது.

விழுந்த பிறகும் ஆபத்து தீர்வதில்லை. நம் மக்கள் ஓடிப்போய் உதவுவார்கள். அது நம் நல்ல குணம். கூடவே கூட்டம் கூடும், படம் எடுப்பார்கள், உடைந்த துண்டு ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். போர் விமானத்தின் இருக்கை வெடிமருந்தால் உந்தப்பட்டு வெளியே வருவது. வெடிக்காமல் அது சிதைவுக்குள் கிடந்தால், தொட்டவரைக் கொல்லும். குண்டுகளும் தோட்டாக்களும் இருக்கலாம். உயர் அழுத்த ஆக்சிஜன் உருளைகளும் சூடேறிய டயர்களும் பின்னர் வெடிக்கலாம். இன்றைய விமானங்களின் உடல் பெருமளவு கார்பன் இழையால் ஆனது. எரிந்தால் அதன் நுண்ணிய இழைகள் காற்றில் பரவி நுரையீரலுக்குள் போகும். அமெரிக்காவின் எஃப்-16-இல் அவசர மின்சாரத்துக்காக ஹைட்ரசீன் என்ற நச்சுத் திரவமும் இருக்கிறது. தளங்களுக்கு அருகில் உள்ள பள்ளிகளிலும் தீயணைப்பு நிலையங்களிலும் இதையெல்லாம் சொல்லித் தர ஒரு நாள் போதும். காயம்பட்டவர் கண்ணில் பட்டால் மீட்கலாம். மற்றபடி காற்று வரும் பக்கமாகத் தள்ளி நின்று, எதையும் தொடாமல், போலீசுக்கும் தீயணைப்புத் துறைக்கும் சொல்லிவிட வேண்டும்.

நஞ்சப்பசத்திரம்

2021 டிசம்பர் 8 அன்று நடந்ததைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி, மற்றும் 12 பேருடன் எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர் சூலூரிலிருந்து காலை 11.48-க்குக் கிளம்பியது. 12.15-க்கு வெலிங்டனில் இறங்க வேண்டும். 12.08-க்குத் தொடர்பு அறுந்தது. குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில், வீடுகளுக்குச் சற்று அப்பால் விழுந்து எரிந்தது. 13 பேர் அன்றே இறந்தார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி பெங்களூரில் இறந்தார். முதலில் ஓடிப்போனவர்கள் அந்தக் குடியிருப்பு மக்கள்தான். தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காயம்பட்டவர்களைச் சுமக்க வீட்டிலிருந்த கம்பளிகளைக் கொடுத்தார்கள். ராணுவம் பின்னர் அந்த ஊருக்கே வந்து நன்றி சொன்னது.

முப்படை விசாரணையின் முடிவாக 2022 ஜனவரியில் ஒரு செய்திக்குறிப்பு வந்தது. இயந்திரக் கோளாறு இல்லை, நாச வேலை இல்லை, கவனக்குறைவும் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது. விமானிக்குத் திசையுணர்வு தப்பியது. நல்ல நிலையில் இருந்த ஹெலிகாப்டர் மலையில் மோதியது. திசையுணர்வு தப்புவது எந்தத் திறமைசாலிக்கும் நேரக்கூடியது. கண்ணுக்கு எதுவும் தெரியாதபோது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். சாய்ந்து பறப்பவருக்கு நேராகப் பறப்பதாகத் தோன்றும்.

2024 டிசம்பரில், நாடாளுமன்ற நிலைக்குழு வெளியிட்ட அறிக்கையின் அட்டவணையில் அதே விபத்துக்கு எதிரே இருந்த காரணம்: மனிதத் தவறு, விமானக் குழுவினர். 2017 முதல் 2022 வரை நடந்த 34 விமானப்படை விபத்துகளில் அதுவும் ஒன்றாக, ஒரு வரியாக.

முழு அறிக்கை மக்கள் முன் இல்லை. எனவே கேட்க வேண்டிய கேள்விகள் அப்படியே நிற்கின்றன. விபத்து நடந்த காட்டேரிப் பள்ளத்தாக்கில் டிசம்பரில் மஞ்சு எப்போது இறங்கும் என்பது அங்கே தேயிலை பறிக்கும் பெண்ணுக்குத் தெரியும். விமானிக்கு அந்த விவரத்தை யார், எந்த நிமிடத்தில் சொன்னார்கள்? வானிலை கெட்டால் திரும்பிவிடலாம் என்று சொல்லும் துணிச்சல், இவ்வளவு பெரிய அதிகாரியை ஏற்றிச் செல்லும் விமானிக்கு இருக்கும்படி விதிமுறை இருந்ததா? அதற்குப் பிறகு அந்த விதிமுறை மாறியதா? பதில் எங்கோ ஒரு கோப்பில் இருக்கிறது. அடுத்த முறை அந்த மலைக்கு மேலே பறக்கப்போகிறவருக்கும், கீழே குடியிருப்பவருக்கும் அது தெரிய வேண்டும்.

பதில் கிடைக்காத இன்னொரு விபத்தும் உண்டு. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.-32 விமானமும் அதிலிருந்த 29 பேரும் வங்கக்கடலில் மறைந்துபோனார்கள். எந்த அபாயச் சமிக்ஞையும் வரவில்லை. ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில், சென்னைத் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லாத நீர்மூழ்கி 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம் எடுத்தது. இடம் தெரிந்தது. ஏன் என்பது இன்னும் தெரியவில்லை.

பழியைத் தாண்டி

விமானிகள் தவறே செய்வதில்லை என்று நான் வாதாடவில்லை. செய்கிறார்கள். அந்தத் தவறுக்கு அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது எது என்று கேட்காமல் விசாரணையை முடிப்பதுதான் பிழை.

1994 ஜூனில் பிரிட்டனின் சினூக் ஹெலிகாப்டர் ஒன்று ஸ்காட்லாந்தின் மல் ஆஃப் கின்டைர் மலையில் மோதி 29 பேர் இறந்தார்கள். கடும் அலட்சியம் என்று இறந்துபோன இரு விமானிகள் மீது பழி எழுதப்பட்டது. குடும்பங்கள் விடவில்லை. 17 ஆண்டுகள் கழித்து, 2011-இல், தனி விசாரணைக்குப் பிறகு அரசு அந்தப் பழியை நீக்கி மன்னிப்புக் கேட்டது.

அதே பிரிட்டனின் இன்னொரு வழக்கு இதைவிட முக்கியமானது. 2006 செப்டம்பர் 2 அன்று ஆப்கானிஸ்தானின் கந்தகார் அருகே நிம்ராட் என்ற கண்காணிப்பு விமானம் வானில் எரிபொருள் நிரப்பிய பிறகு தீப்பிடித்து விழுந்தது. 14 பேர் இறந்தார்கள். வழக்கறிஞர் சார்லஸ் ஹாடன்-கேவ் அதை மறுஆய்வு செய்து 2009-இல் கொடுத்த அறிக்கை பாதுகாப்புத் துறையையே உலுக்கியது. கசியும் எரிபொருள் சூடான குழாயைத் தொடும்படி இருந்த பழைய வடிவமைப்பு, அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டிய பாதுகாப்பு ஆய்வை ஒப்புக்கு முடித்த நிறுவனங்கள், செலவைக் குறைப்பதிலேயே கண்ணாக இருந்த நிர்வாகம் என்று எல்லாவற்றையும் அவர் பெயர் சொல்லி எழுதினார். நிம்ராட் விமானங்கள் ஓய்வுபெற்றன. ராணுவ விமானங்களின் பாதுகாப்புக்கென்று 2010-இல் தனி ஆணையம் அமைந்தது. அறிக்கை ரகசியமாக இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

ரகசியம் கசிந்து எதிரிக்குப் பயன்படும் என்ற வாதத்துக்கு அமெரிக்க விமானப்படை ஒரு வழி கண்டிருக்கிறது. அங்கே ஒரு விபத்துக்கு இரண்டு விசாரணைகள். ஒன்று உள்ளுக்குள், அதில் யார் எதை ஒப்புக்கொண்டாலும் அதை வைத்துத் தண்டிக்க முடியாது, அதனால் உண்மை வெளியே வரும். மற்றொன்றின் அறிக்கை குடும்பங்களுக்கும் பொதுமக்களுக்கும் தரப்படும். நமக்கும் இதில் பாதி பழகிப்போனதுதான். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தபோது, ஒரே மாதத்தில் முதற்கட்ட அறிக்கை எல்லோர் கைக்கும் வந்தது. பயணிகள் விமானத்துக்கு விசாரணை அமைப்பு இருக்கிறது, கெடு இருக்கிறது. ராணுவ விமானம் விழுந்தால், அதை வைத்திருக்கும் படையே விசாரித்து, தன் கோப்பில் தானே வைத்துக்கொள்கிறது.

விமானப்படை எதையும் திருத்திக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 2000-2005 காலத்தில் 10,000 மணி நேரப் பறத்தலுக்கு 0.93 ஆக இருந்த விபத்து விகிதம், 2020-2024-இல் 0.20 ஆகக் குறைந்திருக்கிறது. பெரிய உழைப்பு அது. 2019 பிப்ரவரியில் பட்காமில் நம் ஏவுகணையே நம் ஹெலிகாப்டரை வீழ்த்தி, படையினர் ஆறு பேரும் பொதுமக்களில் ஒருவரும் இறந்தபோது, அது பெரிய தவறு என்று விமானப்படைத் தளபதியே பத்திரிகையாளர்கள் முன் ஒப்புக்கொண்டார். அதனால் படையின் மானம் போய்விடவில்லை.

இருந்தும் 2025 ஒரே ஆண்டில் மூன்று ஜாகுவார்கள் விழுந்தன. ஜாம்நகரிலும் சுருவிலும் விமானிகள் இறந்தார்கள். போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூன்று பேர் இறக்க, நாடெங்கும் அந்த ரக ஹெலிகாப்டர்கள் மாதக்கணக்கில் தரையில் நின்றன. நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து விங் கமாண்டர் நமன்ஷ் சியால் இறந்தார். அவர் பணியாற்றியது நம் சூலூர் தளத்தில். தேஜஸின் முதல் விபத்து 2024 மார்ச்சில் ஜெய்சல்மரில், ஒரு மாணவர் விடுதிக்குப் பக்கத்தில் நடந்தது. அதன் முழு அறிக்கையும் மக்கள் முன் வைக்கப்படவில்லை. தேஜஸ் நம் கையால் செய்த விமானம். அதன் குறையை நாமே முதலில் வெளிப்படையாகப் பேசினால்தான் அதை ஓட்டுகிறவருக்கும் வாங்க நினைக்கும் நாடுகளுக்கும் நம்பிக்கை வரும்.

42 படைப்பிரிவுகள் இருக்க வேண்டிய இடத்தில் மிக்-21 ஓய்வுக்குப் பிறகு மிஞ்சியிருப்பவை 29. புதிய விமானம் வரும்வரை பழைய ஜாகுவாரும் ஏ.என்.-32-உம் நம் கூரைகளுக்கு மேலே பறந்துகொண்டுதான் இருக்கும். அதனால் இதைத் தள்ளிப்போட முடியாது.

ராணுவ விமான விபத்துகளை விசாரிக்க, படைகளுக்கு வெளியே ஒரு சுதந்திரமான அமைப்பு வேண்டும். ரகசியப் பகுதிகளை நீக்கிய அறிக்கை, விபத்து நடந்த ஓராண்டுக்குள் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். இறந்தவர்களின் குடும்பத்துக்கு அது மனுப் போடாமலேயே கிடைக்க வேண்டும். தாம்பரம் இருப்பது ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில், சூலூர் கோயம்புத்தூர் தொகுதியில், நஞ்சப்பசத்திரம் நீலகிரி தொகுதியில். அரக்கோணத்திலும் தஞ்சாவூரிலும் தளங்கள் இருக்கின்றன. இந்தத் தொகுதிகளில் வாக்களிக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். 2021 டிசம்பர் 8 விபத்தின் முழு அறிக்கை எங்கே என்று அவையில் கேட்கச் சொல்லுங்கள்.